ஸ்பாக்குக்கு ஒரு சாக்கு வேணும்

2020 லாக்டவுன்ல எங்க அத்தை எங்க வீட்லயே மாட்டிக்கிட்டாங்க. ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்னு ஒரு கட்டைப்பையோட வந்தவங்க, பஸ் நின்னுச்சு, ட்ரெயின் நின்னுச்சு, அப்புறம் மாசக்கணக்கா எங்ககூடதான். டிவில சீரியல் ஷூட்டிங் எல்லாம் நின்னு போய் பழைய எபிசோடையே திருப்பித் திருப்பிப் போட்டுட்டு இருந்த சமயம் அது. நான் என் பாட்டுக்கு லேப்டாப்ல பழைய ஸ்டார் ட்ரெக் ஓட்டிட்டு இருந்தேன். 1966ல ஆரம்பிச்சு 1969ல மூட்டை கட்டின ஒரிஜினல் சீரிஸ், மொத்தம் 79 எபிசோட். அத்தை முறுக்குத் தட்டோட பக்கத்துல வந்து உக்காந்து, யாரு இந்தக் காதுக்காரன், ஏன் இப்படி முறைக்கிறான்னு கேட்டாங்க, அங்கதான் ஆரம்பிச்சது.

காதுக்காரன்னா ஸ்பாக். எண்டர்ப்ரைஸ்ங்கற விண்வெளிக் கப்பல்ல சயின்ஸ் ஆபீசர், லெனர்ட் நிமோய் நடிச்சது. அப்பா வல்கன் கிரகத்துக்காரர், அம்மா பூமிக்காரங்க. வல்கன்காரங்களுக்கு உணர்ச்சியைக் காட்டக் கூடாது, எல்லாம் லாஜிக்தான். காட்டக் கூடாதுன்னுதான் சொன்னேன், இல்லைன்னு சொல்லல, இந்த வித்தியாசத்தை அத்தைக்குப் புரிய வைக்கவே எனக்கு ரெண்டு எபிசோட் ஆச்சு, அவங்களுக்கு அப்புறம் என்னை விட நல்லாப் புரிஞ்சிடுச்சு.

ஸ்டார் ட்ரெக்ல வேற்றுக்கிரகக் காதல்னு சொன்னதும் எல்லாருக்கும் கேப்டன் கிர்க்தான் ஞாபகம் வருவாரு. வாரம் ஒரு கிரகம், அங்க ஒரு பொண்ணு, மெல்லிசா ஃபோகஸ் விட்ட ஒரு க்ளோஸப், வயலின், முத்தம், அடுத்த வாரம் அவ பேரு கூட அவருக்கு ஞாபகம் இருக்காது. அதைப் பத்தி எழுத எனக்கு ஒண்ணும் இல்ல. ஒரு எபிசோட்ல ஆண்ட்ரோமீடா கேலக்ஸில இருந்து மனுஷ உருவம் எடுத்து வந்த ஒருத்திகிட்ட, எங்க ஊர்ல மன்னிப்புக் கேக்குறதே இப்படித்தான்னு சொல்லி முத்தம் குடுப்பாரு. அத்தை அதுக்கு எழுந்து போய் அடுப்புல பால் பாத்துட்டு வந்தாங்க.

ஸ்பாக் காதல் அப்படி இல்ல. அத்தை நாலஞ்சு எபிசோட் பாத்ததும் ஒரு நாள் சொன்னாங்க, "ஏன் கண்ணு, இவனுக்கு மட்டும் ஆசைப்படுறதுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு தேவைப்படுதே?" நான் இந்த சீரிஸைப் பத்தி எவ்வளவோ படிச்சிருக்கேன், ஆனா இவ்வளவு சுருக்கமா யாரும் சொல்லிக் கேட்டதில்ல.

வரிசையா பாருங்க. முதல் சாக்கு தொற்று. 'தி நேக்கட் டைம்', செப்டம்பர் 1966. ஒரு கிரகத்துல இருந்து ஒட்டிக்கிட்டு வந்த தொற்று, தொட்டாப் பரவும், வந்தவங்களுக்கு மனசுல அடக்கி வெச்சிருக்கிறதெல்லாம் வெளிய வந்துடும். ஒருத்தர் கத்தியைத் தூக்கிட்டு சட்டையில்லாம ஓடுவாரு, ஒருத்தர் பாட்டுப் பாடுவாரு. நர்ஸ் கிறிஸ்டின் சேப்பல் ஸ்பாக் கையைப் பிடிச்சு உங்களைக் காதலிக்கிறேன்னு சொல்லிடுவா. அந்தக் கை வழியாவே இவருக்கும் தொத்திக்கும். ஸ்பாக் ஒரு காலி ரூமுக்குள்ள போய் கதவைச் சாத்திட்டு, நான் என் கட்டுப்பாட்டுல இருக்கேன்னு சொல்லிக்கிட்டே எண்களை எண்ணிக்கிட்டே அழுவாரு. ஸ்க்ரிப்ட்ல முதல்ல இருந்தது வேற, கப்பல்ல ஒருத்தன் ஓடி வந்து ஸ்பாக் மூஞ்சில மீசை வரைஞ்சிட்டுப் போவான், அதுல இவர் அழணும்னு. நிமோய்தான் அது வேணாம், தனியா ஒரு ரூம்ல அழறேன்னு கேட்டு வாங்கினது. அப்புறம் கிர்க் வந்து உலுக்கும்போது ஸ்பாக் வாயில வர்றது சேப்பலைப் பத்தி இல்ல. எங்க அம்மாகிட்ட ஒரு தடவை கூட பாசமா இருக்கேன்னு சொன்னதில்லையே, அன்பு காட்டுறது அநாகரிகம்னு நினைக்கிற ஊர்ல அந்தப் பூமிப் பொண்ணு வந்து வாழ்ந்தாளேன்னு. இந்த வரியை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

சேப்பலைப் பத்தி ஒரு வார்த்தை. மஜெல் பாரெட் நடிச்ச ரோல். மூணு வருஷமும் இந்தப் பொண்ணு ஸ்பாக் பின்னாடியே நிக்கும், சூப் செஞ்சு கொண்டு போகும், அவர் அந்த சூப்பைக் கிண்ணத்தோட சுவத்துல வீசுவாரு. சேப்பலுக்கு சாக்கு எதுவும் தேவைப்படல, அவ நேராவே ஆசைப்பட்டா, அதனாலதானோ என்னவோ எழுதினவங்களுக்கு அவகிட்ட சுவாரஸ்யம் வரல.

ரெண்டாவது சாக்கு பூ. 'திஸ் சைட் ஆஃப் பாரடைஸ்', மார்ச் 1967. ஆள் இருக்கவே முடியாத ஒரு கிரகத்துல குடியேறினவங்க எல்லாம் கதிர்வீச்சுல செத்திருக்கணும், ஆனா ஆரோக்கியமா விவசாயம் பண்ணிட்டு இருக்காங்க. காரணம் ஒரு செடி, அது ஊதுற வித்துத்தூள் உடம்புக்குள்ள போயி நோயை எல்லாம் எடுத்துடும், கூடவே கவலையையும் எடுத்துடும். அங்க லைலா கலோமின்னு ஒருத்தி, ஆறு வருஷம் முன்னாடி பூமில ஸ்பாக்கைத் தெரியும், அப்பவே ஆசைப்பட்டா, அவர் பதில் சொல்லல. இப்ப கூட்டிட்டுப் போய் அந்தப் பூ முன்னாடி நிறுத்துவா. அவ்வளவுதான், அடுத்த சீன்ல ஸ்பாக் மரக்கிளையில தொங்கிட்டு சிரிச்சிட்டு இருப்பாரு, மேகத்துல டிராகன் தெரியுதுன்னு காட்டுவாரு.

இந்தக் கதை முதல்ல ஸ்பாக்குக்கு எழுதினதே இல்ல. கப்பலை ஓட்டுற சூலுவோட காதல் கதையா இருந்தது, ஒரு மாதிரி நிக்காம ஆடிட்டு இருந்தது. டி. சி. ஃபோண்டானா அதைத் திருத்தி எழுதும்போது, காதல் யாருக்கு வந்தா கஷ்டமோ அவனுக்கு வரட்டும்னு ஸ்பாக் மேல மாத்திட்டாங்க. டோரதி ஃபோண்டானா, பொம்பளை பேருன்னு தெரிஞ்சா சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஸ்க்ரிப்டைப் படிக்க மாட்டாங்கன்னு டி. சி.ன்னு போட்டுக்கிட்டவங்க. சீரிஸை உருவாக்கின ராடன்பெரிகிட்ட செக்ரெட்டரியா இருந்தவங்க, இந்த ஒரு திருத்தத்துலதான் சீரிஸோட ஸ்டோரி எடிட்டர் ஆனாங்க. ஸ்பாக் வீட்டு விவகாரம் முக்கால்வாசி இவங்க கைவண்ணம்தான்.

வித்துத்தூளோட மயக்கம் கோபம் வந்தாத்தான் தெளியும். கிர்க் ஸ்பாக்கை வேணும்னே வம்பிழுப்பாரு, கலப்புல பொறந்தவனேன்னு, உங்கப்பன் ஒரு கம்ப்யூட்டர் உங்கம்மா ஒரு என்சைக்ளோபீடியான்னு. நண்பன் வாயில இருந்து இதெல்லாம் வர்றதைக் கேக்கவே கூசும். ஸ்பாக்குக்குத் தெளிஞ்சிடும். அதுக்கப்புறம் லைலா கப்பலுக்கு வந்து அவரைப் பாக்குறா, பாத்ததுமே அவளுக்குத் தெரிஞ்சு போகுது. உனக்கு வேற பேர் இருக்கா, நான் கேட்டதே இல்லையேன்னு கேப்பா. உன்னால சொல்ல முடியாதுன்னு சொல்லுவாரு. அதை அவர் அதட்டியும் சொல்ல மாட்டாரு, கொஞ்சியும் சொல்ல மாட்டாரு, உள்ளதைச் சொல்ற மாதிரி இருக்கும், ஆனா அவ கண்ணைத் துடைச்சு விட்டுட்டேதான் சொல்லுவாரு. கடைசில கிர்க் அந்தக் கிரகத்தைப் பத்தி நீ ஒண்ணும் சொல்லலையேன்னு கேக்குறப்போ, அதிகமா சொல்ல ஒண்ணும் இல்ல, வாழ்க்கையில முதல் தடவையா நான் சந்தோஷமா இருந்தேன், அவ்வளவுதான்னு ஒரு வரி. எபிசோட் முடிஞ்சிடும். நான் அதைத் தமிழ்ல சொன்னதும் அத்தை கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் இன்னொரு முறுக்கு எடுத்துக்கிட்டாங்க.

மூணாவது சாக்கு உடம்பு. 'அமோக் டைம்', 15 செப்டம்பர் 1967, ரெண்டாவது சீசனோட முதல் எபிசோட், எழுதினது தியோடோர் ஸ்டர்ஜன். வல்கன் ஆம்பளைக்கு ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தம் கொதிக்கும், ஊருக்குப் போய் கல்யாணம் முடிச்சாகணும், இல்லேன்னா எட்டே நாள்ல உயிர் போயிடும்னு டாக்டர் மெக்காய் கைவிரிச்சிடுவாரு. இதைக் கிர்க்கிட்ட சொல்றதுக்குள்ள ஸ்பாக் படுற பாடு இருக்கே. சால்மன் மீன் முட்டையிட பொறந்த ஆத்துக்கே திரும்பும் பாருங்க அந்த மாதிரின்னு மென்னு முழுங்குவாரு. அத்தை முகத்துல துண்டைப் போட்டுக்கிட்டு சிரிச்சாங்க.

இந்த எபிசோட் நம்ம ஊர்க்காரங்களுக்கு விளக்கவே வேண்டியதில்ல. ஸ்பாக்குக்கு ஏழு வயசுலயே பொண்ணு நிச்சயம் பண்ணிட்டாங்க, பேரு டிப்ரிங். அது என்ன சடங்குன்னு கேட்டா, கல்யாணத்தை விடக் குறைச்சல், நிச்சயத்தை விட ஜாஸ்தின்னு ஸ்பாக் சொல்லுவாரு. அத்தை உடனே "பரிசம் போட்டாச்சுன்னு சொல்லு"ன்னாங்க. சரிதானே, இதுக்கு மேல மொழிபெயர்ப்பு என்ன இருக்கு. பல்லக்குல தூக்கிட்டு வர்ற ஒரு பாட்டியம்மா, டிபாவ்னு பேரு, எல்லாக் கிரகமும் மதிக்கிற ஆளு, அவங்கதான் நடத்தி வைக்கிறாங்க. டிப்ரிங் நடுவுல எழுந்து எனக்கு இவர் வேணாம்னு சொல்லிடுவா. சொல்றதுக்குச் சட்டத்துல இடம் இருக்கு, ஆனா எனக்காக ஒருத்தர் ஸ்பாக்கோட சண்டை போடணும்னு கேக்கலாம், அவ யாரைக் காட்டுறான்னா கிர்க்கை. அவளுக்குப் பிடிச்ச ஸ்டான் பக்கத்துலயே நிக்கிறான், அவனை விட்டுட்டு.

கணக்கு இதுதான். கிர்க் ஜெயிச்சா அவருக்கு இவ வேணாம், ஸ்டான் கிடைப்பான். ஸ்பாக் ஜெயிச்சா, சபையில எதிர்த்தவளை எனக்கு வேணாம்னு விட்டுடுவாரு, ஸ்டான் கிடைப்பான். விடலேன்னாலும் அவர் கப்பலோட போயிடுவாரு, அவர் பேரும் சொத்தும் இவளுக்கு, ஸ்டான் இங்கதானே இருப்பான். ஸ்பாக் கேட்டுட்டு, அப்பழுக்கில்லாத லாஜிக்னு பாராட்டுவாரு. இணையத்துல பாதிப் பேர் டிப்ரிங்கை வில்லியா எழுதி வெச்சிருக்காங்க. எனக்கு அப்படித் தோணல. ஏழு வயசுல முடிவு பண்ணின ஒருத்தன், ஊரே கொண்டாடுற ஆளா வளர்ந்துட்டான், அவன் பொண்டாட்டின்னு ஒரு பேரோட வாழ்க்கை முழுக்க நிக்க நான் விரும்பலன்னு அவ வாயாலயே சொல்றா, இதுல என்ன வில்லத்தனம். அத்தையும் என் கட்சி. "பொண்ணு தெளிவா இருக்கா, அந்த ஸ்டான்தான் மண்ணு மாதிரி நிக்கிறான்"னு ஒரு குறை மட்டும். ஸ்பாக் போறப்போ ஸ்டான்கிட்ட, ஆசைப்படுறப்போ இருக்குற இனிப்பு கைக்கு வந்தப்புறம் இருக்கிறதில்ல, இது லாஜிக் இல்ல, ஆனா பல நேரம் உண்மைன்னு சொல்லிட்டுப் போவாரு.

கிர்க்கைத் தான் கொன்னுட்டதா நினைச்சுத்தான் ஸ்பாக் கப்பலுக்குத் திரும்புறது. உள்ள போனா கிர்க் உயிரோட நிக்கிறாரு, மெக்காய் ஊசி போட்டு செத்த மாதிரி படுக்க வெச்ச வித்தை. ஜிம்னு கத்திக்கிட்டே ரெண்டு தோளையும் பிடிச்சு முகமெல்லாம் சிரிப்பா ஒரு நிமிஷம். ரத்தக் கொதிப்பெல்லாம் அதுக்குள்ள அடங்கிப் போச்சு, தொற்று இல்ல, பூ இல்ல, அந்தச் சிரிப்புக்கு ஒரு சாக்கும் கிடையாது. உடனே சுதாரிச்சு, கப்பலுக்கு நல்ல கேப்டன் பிழைச்சாரேன்னு ஏதோ லாஜிக் பேசுவாரு, மெக்காய் நம்ப மாட்டாரு. இந்த மாதிரி நிமிஷங்கள்ல இருந்துதான் எழுபதுகள்ல கிர்க்குக்கும் ஸ்பாக்குக்கும் ரசிகைகள் காதல் கதை எழுத ஆரம்பிச்சாங்க, ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு சாய்ஞ்ச கோடு போட்டு. இன்னைக்கு ஃபேன்ஃபிக் உலகத்துல ஸ்லாஷ்னு சொல்றாங்களே, அந்த வார்த்தையே அந்தக் கோட்டுல இருந்து வந்ததுதான்.

நாலாவது சாக்கு உளவு. எதிரிகளான ரோமுலன்காரங்க கப்பலோட கமாண்டர் ஒரு பொண்ணு, ஸ்பாக் அவளை மயக்கி நேரத்தைக் கடத்தணும், அதுக்குள்ள கிர்க் ஒரு கருவியைத் திருடணும். அவ ஸ்பாக் காதுல தன் பேரைச் சொல்லுவா. நமக்குக் கேக்காது. எபிசோட் முடியுற வரைக்கும், ஏன் இந்த சீரிஸ் முடியுற வரைக்கும், அவ பேரு நமக்குத் தெரியவே தெரியாது. அவர் அங்க நடிச்சாரா, நடிச்சது எங்க முடிஞ்சதுன்னு நானும் அத்தையும் ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை போட்டோம்.

அஞ்சாவது சாக்கு காலம். 'ஆல் அவர் யெஸ்டர்டேஸ்', மார்ச் 1969, சீரிஸ் முடியுறதுக்கு முந்தின எபிசோட். எழுதினது ஜீன் லிசெட் அரோஸ்ட், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல லைப்ரேரியனா வேலை பாத்தவங்க, அதனால கதையிலயும் ஒரு லைப்ரேரியன் வர்றாரு. சூரியன் வெடிக்கப் போற ஒரு கிரகம், சனங்க எல்லாரும் அந்த நூலகத்து மெஷின் வழியா பழைய காலத்துக்குத் தப்பிச்சுப் போயிட்டாங்க. ஸ்பாக்கும் மெக்காயும் தவறிப் போய் 5000 வருஷம் பின்னாடி பனிக்காட்டுல விழுவாங்க. அங்க சாராபெத்னு ஒருத்தி, நாடு கடத்தப்பட்டுத் தனியா ஒரு குகையில. 5000 வருஷம் முன்னாடி வல்கன்காரங்க காட்டுமிராண்டிங்கதானே, அதனால ஸ்பாக்கும் மெல்ல அப்படி மாறுவாரு, கறி தின்னுவாரு, கோபப்படுவாரு, காதலிப்பாரு. சயின்ஸா பாத்தா இது சுத்தக் கப்ஸா, காலம் பின்னாடி போனா மூளையும் கூடவே போகுமா. ஆனா திரும்பி வந்ததும் மெக்காய் ஏதோ கேக்குறப்போ, ஆமா நடந்தது, ஆனா அது 5000 வருஷம் முன்னாடி, அவ செத்துட்டா, செத்துப் புதைச்சு ரொம்ப நாளாச்சுன்னு ஸ்பாக் சொல்றப்போ கப்ஸா எல்லாம் மறந்து போயிடுது. பத்து நிமிஷம் முன்னாடிதான் அவ கையை விட்டுட்டு வந்தாரு.

அதே காலத்துல பிரிட்டன்ல டாக்டர் ஹூங்கற சீரியல்ல கூட ஒண்ணு உண்டு. 1964 டிசம்பர்ல, டாக்டர்னு மட்டுமே பேர் சொல்லிக்கிற வேற்றுக்கிரகக் கிழவரோட பேத்தி சூசன் பூமில ஒரு பையனை விரும்புவா, கிழவரைத் தனியா விட மனசு வராம நிப்பா, அவரே கதவை உள்பக்கமாப் பூட்டிட்டு ஒரு நாள் திரும்பி வருவேன்னு சொல்லிட்டு டைம் மிஷினை எடுத்துட்டுப் போயிடுவாரு. அதுலயும் பாருங்க, அந்தப் பொண்ணு தானா முடிவு பண்ணல, தாத்தா கதவைச் சாத்தினாரு. அறுபதுகள் டிவிக்கு வேற்றுக்கிரகத்து ஆள் சும்மா ஆசைப்பட்டுட்டேன்னு சொல்லிட்டுப் போறதுக்கு மனசு வரல போல.

சாக்கே இல்லாத ஒண்ணு இருக்கு, அது ஸ்பாக்கோடது இல்ல, அவங்க அப்பா அம்மாவோடது. 'ஜர்னி டு பேபல்', 17 நவம்பர் 1967, மறுபடி ஃபோண்டானா. மாநாட்டுக்குத் தூதர்களை எல்லாம் ஏத்திட்டுப் போற கப்பல்ல வல்கன் தூதர் சாரெக் வர்றாரு, கூட மனைவி அமாண்டா. மகன் வல்கன் அறிவியல் அகாடமிக்குப் போகாம ஸ்டார்ஃப்ளீட்ங்கற விண்வெளிப் படையில சேந்துட்டான்னு 18 வருஷமா அப்பாவும் பிள்ளையும் வீட்டு மனுஷங்க மாதிரி பேசிக்கிட்டதில்ல. சாரெக்கா நடிச்ச மார்க் லெனார்டுக்கும் நிமோய்க்கும் நிஜத்துல ஆறேழு வயசுதான் வித்தியாசம். கதையில சாரெக்குக்கு வயசு 102.437, புள்ளி வெச்சு அவரே சொல்லுவாரு.

அமாண்டாவா நடிச்சது ஜேன் வயட். இது லேசான விஷயம் இல்ல. 1954ல இருந்து 1960 வரைக்கும் ஃபாதர் நோஸ் பெஸ்ட்னு ஒரு சீரியல்ல அமெரிக்காவுக்கே அம்மாவா இருந்தவங்க, அதுக்கு மூணு எம்மி விருது வாங்கினவங்க. அந்த முகத்தைக் கொண்டு வந்து வேற்றுக்கிரகத்துக்காரன் பக்கத்துல பொண்டாட்டியா நிறுத்தினாங்க. அதே வருஷம் ஜூன் 12ஆம் தேதிதான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரிச்சர்ட் லவ்விங், மில்ட்ரெட் லவ்விங் வழக்குல தீர்ப்பு சொன்னது. வெள்ளைக்காரரும் கறுப்பினப் பொண்ணும் 1958ல கல்யாணம் பண்ணினதுக்கு வர்ஜீனியாவுல கைது பண்ணி, 25 வருஷம் இந்தப் பக்கம் தலை காட்டாதேன்னு துரத்தி விட்ட கேஸ். தீர்ப்பு வர்ற வரைக்கும் 16 மாநிலத்துல இப்படிக் கல்யாணம் சட்டப்படி குத்தம். தீர்ப்பு வந்து அஞ்சு மாசத்துல சாரெக்கும் அமாண்டாவும் டிவில வந்து நின்னாங்க. அதைப் பாத்துத்தான் இதை எழுதினாங்கன்னு நான் சொல்ல வரல. பாத்துட்டு இருந்த சனங்களுக்கு அந்தக் கேஸ் ஞாபகம் இருந்திருக்கும், அது போதும்.

ஃபோண்டானா அந்தக் கல்யாணத்தை எப்படிக் காட்டினாங்க? காட்டவே இல்ல. எங்க பாத்தாங்க, யாரு முதல்ல சொன்னா, வல்கன்ல சொந்தக்காரங்க என்ன சொன்னாங்க, ஒண்ணும் கிடையாது. கல்யாணம் எப்பவோ முடிஞ்சு, பிள்ளை வளர்ந்து, சண்டை போட்டு, இப்ப ரெண்டு பேரும் நடுத்தர வயசுல ஒரு பயணம் போறாங்க. சாரெக் ரெண்டு விரலை நீட்டுவாரு, அமாண்டா தன் ரெண்டு விரலை அது மேல வெப்பாங்க. அவ்வளவுதான் நெருக்கம். கிர்க்கோட அத்தனை முத்தத்தையும் ஒரு தட்டுல வெச்சு இந்த ரெண்டு விரலை இன்னொரு தட்டுல வெச்சா எது இறங்கும்னு தெரியும்.

வல்கன்காரங்களுக்குக் கை முக்கியம், இது நிமோய்க்கு இருந்த ஒரு நினைப்பு. 'அமோக் டைம்'ல விரலைப் பிரிச்சு வணக்கம் சொல்றாரே, அது அவர் சின்னப் பையனா பாஸ்டன்ல யூதக் கோவில்ல பாத்தது. பூசாரிங்க ஆசீர்வாதம் பண்றப்போ பாக்கக் கூடாதுன்னு சொல்லியும் திருட்டுத்தனமா பாத்து வெச்சது. அவங்க அப்பா அம்மா உக்ரைன்ல இருந்து வந்து குடியேறினவங்க. இந்த இடத்துல செம்புலப் பெயல்நீரை இழுத்துட்டு வரணும்னு கை அரிக்குது, எல்லாரும் இழுத்தாச்சு, விட்டுடறேன்.

பேபல் எபிசோட்ல சாரெக்குக்கு இதயம் நின்னு போற நிலைமை, ஆபரேஷனுக்கு மகனோட ரத்தம் வேணும், கிர்க் கத்திக்குத்துல கிடக்கிறதால ஸ்பாக் கப்பலை விட்டு வர மாட்டேன்னு சொல்லுவாரு. அமாண்டா ரூமுக்கு வந்து கெஞ்சி, கடைசில பளார்னு ஒரு அறை. அத்தை "போடு"ன்னாங்க. எல்லாம் சரியாகி அப்பாவும் பிள்ளையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல படுத்திருப்பாங்க, ரத்தம் குடுத்ததுக்கு நன்றி கூட சொல்ல வேண்டியதில்ல, லாஜிக்தானேன்னு பேசிக்குவாங்க. அமாண்டாவுக்குப் பத்திக்கிட்டு வரும், உங்க லாஜிக்கைக் கேட்டுக் கேட்டு எனக்கு வெறுத்துப் போச்சுன்னு. ஸ்பாக் அப்பாவைப் பாத்து, ரொம்ப உணர்ச்சிவசப்படுறாங்க இல்லன்னு கேப்பாரு. எப்பவும் அப்படித்தான். அப்ப ஏன் கட்டிக்கிட்டீங்க?

சாரெக் சொல்றதை நான் அத்தைக்கு இப்படித்தான் சொன்னேன். "அந்த நேரத்துக்கு அதுதான் லாஜிக்கா பட்டுச்சு."

அத்தை தலையை ஆட்டினாங்க. "பெரிய மனுஷன் நழுவுறான் பாரு"ன்னாங்க.

இதுக்கு அப்புறம் ஒண்ணு இருக்குன்னு சொல்லி, 22 வருஷம் தாண்டி 1990 மே மாசம் வந்த, ஸ்டார் ட்ரெக்கோட அடுத்த தலைமுறை சீரிஸ்ல ஒரு எபிசோட் போட்டுக் காட்டினேன். பேரே 'சாரெக்', அதே மார்க் லெனார்ட். சாரெக்குக்கு இப்ப 200 வயசு தாண்டிடுச்சு, வல்கன் முதுமையில வர்ற ஒரு நோய், அடக்கி வெச்ச உணர்ச்சி எல்லாம் கட்டுக்கு மீறி வெளிய வருது. அவர் ஒரு முக்கியமான பேச்சுவார்த்தையை முடிக்கணும். அதுக்காக இந்த சீரிஸோட கேப்டன் பிக்கார்ட் மனசோட தன் மனசை இணைச்சு, அவரோட நிதானத்தை வாங்கிக்கிட்டு, தன் கொந்தளிப்பை எல்லாம் இவர்கிட்ட விட்டுட்டுப் போவாரு. பிக்கார்டா நடிச்ச பாட்ரிக் ஸ்டூவர்ட் ஒரு ரூம்ல உக்காந்து அந்தக் கிழவரோட அழுகையை அழுவாரு. உனக்கு எவ்வளவோ காட்டணும்னு நினைச்சேனே, அது எங்க வழக்கம் இல்லையே, ஸ்பாக், அமாண்டா, உங்களுக்குத் தெரியுமா நான் எவ்வளவு... அப்படின்னு. நோயும் வேணும், இன்னொருத்தர் வாயும் வேணும். அப்பா ஆசைப்பட்டதுக்குச் சாக்கு தேடல, அதைச் சொல்றதுக்குத்தான் கடைசில தேடினாரு. 1966ல ஒரு காலி ரூம்ல உக்காந்து பிள்ளை அம்மாவைப் பத்தி அழுதாரே, அதே அழுகை. எழுதினவங்க அதை நினைச்சு எழுதினாங்களான்னு தெரிஞ்சுக்கணும்னு கூட எனக்குத் தோணல.

அத்தைக்குக் கண்ணெல்லாம் கலங்கிடுச்சு. ஆனா தபால் ஆபீஸ்ல வேலை பாத்தவங்க புத்தி, எல்லாப் பேரையும் சரி பாத்துட்டாங்க. அழுகையில இன்னொரு பேரும் வந்துச்சே, பெர்ரின்னு, அது யாருன்னு கேட்டாங்க.

அமாண்டா போனப்புறம் கட்டிக்கிட்ட மனைவின்னேன்.

"அவளும் அந்த ஊர்க்காரியா?"

இல்ல அத்தை, அவங்களும் பூமிதான்னேன்.

அத்தை கண்ணைத் துடைச்சுட்டு லேப்டாப்பையே பாத்தாங்க. "ரெண்டாவதும் நம்ம பொண்ணையே தேடிப் பிடிச்சிருக்கான். லாஜிக்காவது மண்ணாங்கட்டியாவது."